தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் வாகன நிறுத்தமும் ஆளில்லா வானூர்தியும்

தமிழ்நாட்டில் தெருவோரம் வண்டி நிறுத்துவதையும், ஊருக்கு மேலே ஆளில்லா வானூர்தியை (ட்ரோன்) பறக்கவிடுவதையும் ஒழுங்குபடுத்தும் பொறுப்பு ஒரே அமைப்பிடம் இல்லை. வண்டி நிறுத்த இடம் அமைப்பதும் அதற்குக் கட்டணம் பெறுவதும் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ஆகிய உள்ளாட்சிகளின் பணியாகும். தவறான இடத்தில் நிறுத்தியதற்கு அபராதம் விதிப்பது காவல்துறையின் பணியாகும். வான்வெளி நடுவண் அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. இப்பிரிவினை பலருக்குத் தெரிவதில்லை. இதனால் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் இல்லாத அலுவலகத்துக்கு மனு எழுதுவதும், அபராதம் கேட்கும் உரிமை இல்லாதவரிடம் பணம் கொடுத்துவிடுவதும் நேர்கின்றன.

இக்கட்டுரை இலுப்பூர் பேரூராட்சியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பிரிவினையை விளக்குகிறது. தமிழ்நாட்டின் ஏறத்தாழ 490 பேரூராட்சிகளுக்கும் இதே சட்டநிலை பொருந்தும்.

இலுப்பூர்

இலுப்பூர் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி ஆகும். இது இலுப்பூர் வட்டத்தின் தலைமையிடம். புதுக்கோட்டை, அறந்தாங்கி ஆகியவற்றுடன் மாவட்டத்தின் மூன்று வருவாய்க் கோட்டங்களில் ஒன்றின் தலைமையிடமும் இதுவே. 1948 வரை புதுக்கோட்டை சமத்தானத்திலும், பின்னர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும் இருந்த இப்பகுதி, 1974ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது அதன் பகுதியானது.

விராலிமலையில் இருந்து அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டை செல்லும் சாலை இவ்வூரின் ஊடாகச் செல்கிறது. வட்டாட்சியர் அலுவலகம், கோட்டாட்சியர் அலுவலகம், பேருந்து நிலையம், கடைத்தெரு ஆகியவற்றுக்காகச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் இருந்து மக்கள் இருசக்கர வண்டிகளில் இங்கு வருகின்றனர். இத்தகைய ஊர்களில் வண்டி நிறுத்தச் சிக்கல் நாள்தோறும் ஒரே அளவில் இருப்பதில்லை. முகூர்த்த நாள், திருவிழா, பொங்கலுக்கு முந்தைய வாரம் ஆகிய காலங்களில் அது திடீரென உச்சத்தை அடையும். பெருநகரங்களை மனத்தில் கொண்டு வகுக்கப்படும் வாகன நிறுத்தக் கொள்கைகள் சிற்றூர்களுக்குப் பொருந்தாமல் போவதற்கு இது ஒரு முதன்மையான காரணம்.

வண்டிப்பேட்டையில் இருந்து வாகன நிறுத்தகம் வரை

வண்டி நிறுத்த இடத்துக்குக் கட்டணம் பெறும் வழக்கம் தானுந்து (கார்) வருவதற்கு முந்தையது. சந்தைக்கு வரும் மாட்டுவண்டிகள் தங்கிச் செல்ல ஊர்தோறும் வண்டிப்பேட்டைகள் இருந்தன. பல தமிழ்நாட்டு ஊர்களில் பேட்டை மறைந்த பின்னும் தெருவின் பெயராக அது நிலைத்துள்ளது.

சென்னை மாகாணத்தின் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் வண்டிப்பேட்டையைச் சட்டத்தின் மொழிக்குள் கொண்டுவந்தது. அதன் 270ஆம் பிரிவின்படி நகராட்சி மன்றம் வண்டிப்பேட்டை அமைத்து, அதைப் பயன்படுத்துவோரிடம் கட்டணம் பெறலாம். பேட்டை அமைத்த பின்னர், பொதுத்தெருவின் ஓரங்களை அவ்வாறு பயன்படுத்துவதைத் தடை செய்யவும் முடிந்தது. மோட்டார் வண்டிகள் பெருகியபோது புதிய சொல் எதுவும் உருவாக்கப்படவில்லை. வண்டிப்பேட்டை என்பதில் மோட்டார் வண்டி நிற்கும் இடமும் அடங்கும் என விளக்கம் மட்டும் சேர்க்கப்பட்டது. எனவே பேருந்து நிலையம் சட்டத்தின் பார்வையில் நெடுங்காலம் ஒரு வண்டிப்பேட்டையாகவே இருந்தது.

பேரூராட்சிகளுக்கும் பொருந்திய இச்சட்டம் நூறாண்டுகளுக்கும் மேல் நீடித்தது. 1998ஆம் ஆண்டில் இயற்றப்பட்டுப் பின்னர் நிறுத்திவைக்கப்பட்டிருந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம், 2023 ஏப்ரல் 13 முதல் அதற்குரிய 2023ஆம் ஆண்டு விதிகளுடன் நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது.

இடமும் கட்டணமும்

இந்திய அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அது சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணை, நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. தெருவிளக்கு, வாகன நிறுத்த இடம், பேருந்து நிறுத்தம், பொதுக்கழிப்பிடம் ஆகியவை ஒரே வரியில் 17ஆவது பணியாக உள்ளன. அங்கு குறிக்கப்பட்டுள்ளது வாகன நிறுத்த "இடம்" மட்டுமே. வாகன நிறுத்தக் குற்றம் பற்றி அந்த அட்டவணையில் எதுவும் இல்லை.

நடைமுறையில் உள்ளாட்சி இப்பணியை நேரடியாகச் செய்வது அரிது. பேருந்து நிலைய இருசக்கர வாகன நிறுத்தகத்தில் (மக்கள் வழக்கில் சைக்கிள் ஸ்டாண்டு) கட்டணம் வசூலிக்கும் உரிமை பொது ஏலத்தில் குத்தகைக்கு விடப்படுகிறது. சந்தை வசூல், கடை வாடகை போல இதுவும் ஊருக்கு ஒரு வருவாய். வண்டி ஒன்றுக்கு எவ்வளவு பெறலாம் என்பதை மன்றம் தீர்மானிக்கிறது. குத்தகைதாரர் அதை மட்டுமே, சீட்டுக் கொடுத்துப் பெற வேண்டும். ஏலத்தொகை உயர்ந்தால் அதை மீட்பதற்காகக் கூடுதல் கட்டணம் கேட்கும் போக்கும் தோன்றுகிறது. ஆகவே கட்டணப் பலகை இருக்கிறதா, சீட்டில் தொகை அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது பயனுள்ளது. முறையீட்டைப் பேரூராட்சியின் செயல் அலுவலரிடம் அளிக்கலாம். மாவட்ட ஆட்சியரகத்தில் திங்கட்கிழமைகளில் நடைபெறும் குறைதீர் கூட்டத்திலும் அளிக்கலாம். ஏல நிபந்தனைகளின் படியை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம்.

பெருநகரில் இதே முறை சாலையோரத்துக்கும் விரிவடைந்தது. சென்னை மாநகராட்சி 2019இல் செயலி வழியே இயங்கும் கட்டண நிறுத்தத்தைத் தொடங்கியபோது தானுந்துக்கு மணிக்கு 20 ரூபாயும் இருசக்கர வண்டிக்கு 5 ரூபாயும் விதித்தது. ஒரு தானுந்து நிற்க ஏறத்தாழ 12 சதுர மீட்டர் தேவை. அதில் ஆறு இருசக்கர வண்டிகள் வரை நிற்கலாம். எனவே நிலத்தின் அளவை வைத்துப் பார்த்தால், ஒரே இடத்தில் ஆறு இருசக்கர வண்டிகள் மணிக்கு 30 ரூபாய் தர, தானுந்து 20 ரூபாய் மட்டுமே தந்தது.

உள்ளாட்சியிடம் உள்ள வலிமையான கருவி கட்டணம் அன்று, கட்டட அனுமதியே. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், கட்டடத்தின் பயன்பாட்டுக்கும் பரப்புக்கும் ஏற்ப அதன் வளாகத்துக்குள்ளேயே வண்டி நிறுத்த இடம் விட வேண்டும் என்கின்றன. திருமண மண்டபத்தின் வரைபடத்தில் காட்டப்பட்ட நிறுத்த இடம் பின்னர் சமையற்கூடமாகவோ கடையாகவோ மாறினால், முகூர்த்த நாளில் அவ்வண்டிகள் சாலைக்கு வருகின்றன. அப்போது அபராதம் விதிக்கப்படுவது விருந்தினருக்கு. விதியை மீறியவர் மண்டப உரிமையாளர். காவல்துறை ஓராண்டு முழுவதும் விதிக்கும் அபராதத்தைவிட, உள்ளாட்சி அலுவலர் ஒரு முறை வரைபடத்துடன் நேரில் சென்று ஒப்பிடுவது கூடுதல் பயன் தரலாம்.

அபராதம்

மோட்டார் வண்டிகள் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் பொதுப் பட்டியலில் உள்ளன. எனவே அபராதத்தின் அடிப்படை, நாடாளுமன்றம் இயற்றிய 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ஆகும். அதில் இங்கு பொருந்தும் பிரிவுகள் சில:

பிரிவு 117 வண்டிகள் நிற்கத்தக்க இடங்களைத் தீர்மானிப்பது பற்றியது. இந்த அதிகாரம் மாநில அரசுக்கோ, அது அதிகாரமளித்த அலுவலருக்கோ உரியது. உள்ளாட்சியைக் கலந்து அதைச் செய்ய வேண்டும் என்று மட்டுமே சட்டம் கூறுகிறது. அதாவது, இச்சட்டத்தில் உள்ளாட்சியின் இடம் ஆலோசனை கூறுபவரின் இடமே. பிரிவு 122 பிறருக்கு இடையூறோ ஆபத்தோ நேரும்படி வண்டியை விட்டுச்செல்வதைத் தடை செய்கிறது. பிரிவு 127இன்படி, நிறுத்தத் தடை உள்ள இடத்தில் நிற்கும் வண்டியையும், பொது இடத்தில் 10 மணி நேரம் அல்லது அதற்கு மேல் கேட்பாரின்றி நிற்கும் வண்டியையும், சீருடையில் உள்ள காவல் அலுவலர் இழுத்துச்செல்லவோ சக்கரத்தைப் பூட்டவோ ஆணையிடலாம். இழுத்துச்சென்ற செலவு உரிமையாளரைச் சேர்ந்தது.

தனித் தண்டனை குறிப்பிடப்படாத மீறல்களுக்குப் பிரிவு 177 பொருந்தும். அதில் முதல் முறை 100 ரூபாய், அடுத்த முறைகளில் 300 ரூபாய் வரை என இருந்த அபராதம், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் முறையே 500, 1,500 ரூபாய் என உயர்ந்தது. திருத்தம் 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோதும், தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட தொகைகள் 2022 அக்டோபரில்தான் செயலுக்கு வந்தன. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தை உடனே செலுத்தி முடிக்கும் வழியைப் பிரிவு 200 தருகிறது. அத்தொகையைப் பெறக்கூடியவர் மாநில அரசு அறிவிக்கை மூலம் அதிகாரமளித்த அலுவலர் மட்டுமே. ஒப்புக்கொள்ள விரும்பாதவர் நீதிமன்றத்தில் மறுக்கலாம்.

இத்தொகை மாநில அரசின் கணக்கில் சேர்கிறது. இலுப்பூர்க் கடைத்தெருவில் விதிக்கப்படும் அபராதம் இலுப்பூர்ப் பேரூராட்சியின் கருவூலத்துக்கு வருவதில்லை. இதனால் நேரும் விளைவு கவனிக்கத்தக்கது. நிறுத்தகம் கட்டும் செலவு ஒருவருடையது, நிறுத்தகம் இல்லாததால் வரும் அபராதம் வேறொருவருடையது. நிறுத்தகம் கட்டினால் ஊருக்கு ஏலத்தொகை கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் அருகிலுள்ள சாலையில் இலவசமாக நிறுத்துவதைக் காவல்துறை தடுத்தால் மட்டுமே நிறுத்தகம் நிரம்பும். இரண்டு துறைகளும் ஒருங்கே செயல்படாவிட்டால் இரண்டின் உழைப்பும் வீணாகும். மூன்றாவதாக நெடுஞ்சாலைத் துறையும் உண்டு. ஊரின் முதன்மைச் சாலை மாநில நெடுஞ்சாலையாக இருந்தால், அதன் ஓரத்தில் கோடு போடுவதற்குக்கூட அத்துறையைக் கேட்க வேண்டும்.

ஊரில் ஒரு புதிய "வண்டி நிறுத்தக்கூடாத இடம்" உருவாக வேண்டுமானால் பேரூராட்சி மன்றத்தின் தீர்மானம் ஒரு தொடக்கமாக அமையலாம். ஆயினும் அத்தீர்மானம் மட்டும் யாரையும் தண்டிக்காது. உரிய அதிகாரியின் ஆணையும், சாலையில் கண்ணுக்குத் தெரியும் குறிப்பலகையும் தேவை.

குத்தகைதாரரின் பணியாளரோ, தனியார் கடைக் காவலரோ சக்கரத்தைப் பூட்டி "அபராதம்" கேட்க இச்சட்டத்தில் இடமில்லை. கட்டணம் என்பது ஒரு சேவைக்கான விலை, அபராதம் என்பது சட்டம் விதிக்கும் தண்டனை. முன்னதை ஏலத்தில் விட முடியும், பின்னதை விட முடியாது.

உள்ளாட்சிக்கு ஒரு துணைப்பங்கு உண்டு. தெருவில் ஆண்டுக்கணக்கில் துருப்பிடித்து நிற்கும் வண்டிகள் குப்பையும் கொசுவும் சேரும் இடங்களாவதால், அவற்றை அகற்றுவது பொதுச் சுகாதாரப் பணியும் ஆகிறது. சென்னை மாநகராட்சி இத்தகைய வண்டிகளைக் காவல்துறையுடன் சேர்ந்து அகற்றி ஏலம் விட்டுள்ளது.

ஆளில்லா வானூர்தி

வானூர்திகளும் வான்போக்குவரத்தும் ஏழாவது அட்டவணையில் நடுவண் அரசின் பட்டியலில் உள்ளன. எனவே இங்கு உள்ளாட்சிக்கு ஆலோசனை கூறும் இடம்கூட இல்லை.

இந்தியாவில் பொதுமக்கள் ட்ரோன் பறக்கவிடுவதை 2014 அக்டோபரில் குடிசார் வான்போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் தடை செய்தது. 2018 டிசம்பர் முதல் கட்டுப்பாடுகளுடன் அனுமதித்தது. இப்போது நடைமுறையில் இருப்பவை 2021 ஆகத்து 25 அன்று வெளியிடப்பட்ட ட்ரோன் விதிகள். இவை ட்ரோன்களை எடைப்படி வகைப்படுத்துகின்றன. 250 கிராம் வரை நானோ, 2 கிலோகிராம் வரை மைக்ரோ, 25 கிலோகிராம் வரை சிறியது, 150 கிலோகிராம் வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. பொதுவிதியாக ஒவ்வொரு ட்ரோனுக்கும் தனித்த அடையாள எண் பெற வேண்டும்; அதற்குக் கட்டணம் 100 ரூபாய். நானோ வகைக்கும், வணிக நோக்கமின்றிப் பறக்கும் மைக்ரோ வகைக்கும் இயக்குபவர் சான்றிதழ் தேவையில்லை. திருமணத்தைப் படம்பிடித்துக் கூலி பெறுவது வணிகப் பயன்பாடு. எனவே ஒளிப்படக் கலைஞர் மைக்ரோ ட்ரோன் பயன்படுத்தினால் சான்றிதழ் தேவை. 249 கிராம் எடையுள்ள ட்ரோன்கள் சந்தையில் விரும்பப்படுவதற்கு இத்தகைய எடை வரம்புகளே காரணம். வயல்களில் மருந்து தெளிக்கும் ட்ரோன்கள் பெரும்பாலும் "சிறியது" வகையில் அடங்குகின்றன.

எடை ஏன் முதன்மையானது என்பதை எளிய கணக்கால் அறியலாம். 120 மீட்டர் உயரத்தில் இருந்து விழும் பொருள், காற்றுத்தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், தரையை அடையும்போது நொடிக்கு ஏறத்தாழ 48 மீட்டர் வேகம் பெறும். அதன் ஆற்றல் 250 கிராமுக்குச் சுமார் 290 சூல், 2 கிலோகிராமுக்குச் சுமார் 2,350 சூல். காற்றுத்தடையால் உண்மை அளவு குறையும் என்றாலும், வேறுபாட்டின் தன்மை மாறாது.

வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சை மண்டலத்தில் 400 அடி (120 மீட்டர்) வரை முன்அனுமதியின்றிப் பறக்கலாம். இயங்கும் வானூர்தி நிலையத்தின் எல்லையில் இருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் இவ்வுயரம் 200 அடி. 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையில் இருந்தே மஞ்சள் மண்டலம் ஆகும். அங்கு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி தேவை. சிவப்பு மண்டலத்தில் நடுவண் அரசின் அனுமதியின்றிப் பறக்க முடியாது. திருச்சிராப்பள்ளி பன்னாட்டு வானூர்தி நிலையம் இலுப்பூரில் இருந்து நேர்கோட்டில் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், இவ்வூர் அதன் வளையங்களுக்கு வெளியே அமைந்துள்ளது. எனினும் பிற காரணங்களுக்காகவும் மண்டலங்கள் குறிக்கப்படுவதால், பறக்கவிடும் முன் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தைப் பார்ப்பது கட்டாயம். அன்னவாசலுக்கு அருகிலுள்ள சித்தன்னவாசல் இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தின் பாதுகாப்பில் உள்ளது. அங்கு ட்ரோனால் படம்பிடிக்க அத்துறையின் அனுமதியும் வேண்டும்.

விதிகளை மீறினால் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க ட்ரோன் விதிகள் வழிசெய்தன. அவற்றின் தாய்ச்சட்டமாக இருந்த 1934ஆம் ஆண்டு வானூர்திச் சட்டத்துக்கு மாற்றாக, பாரதிய வாயுயான் அதினியம் 2025 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ட்ரோன்களுக்கெனத் தனிச்சட்டம் இயற்றுவதற்கான வரைவு 2025 செப்டம்பரில் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது.

ஊரில் யாரிடம் முறையிடுவது

தமிழ்நாட்டில் வாடிவாசல்கள் மிகுந்த மாவட்டம் புதுக்கோட்டை. இலுப்பூர்க் கோட்டத்தைச் சேர்ந்த விராலிமலையில் 2019 சனவரியில் நடந்த சல்லிக்கட்டில் 1,300க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டன. இத்தகைய கூட்டங்களின் மேல் ட்ரோன் பறப்பது இன்று வழக்கமான காட்சி. கூட்டத்தின் மேல் ஒன்று விழுந்தாலோ, அதன் இரைச்சலில் காளை மிரண்டாலோ யார் பொறுப்பு என்ற கேள்வி இங்கு இயல்பாக எழுகிறது. இதற்குப் பேரூராட்சியின் செயல் அலுவலரிடம் விடை இல்லை.

விடை வேறு இரண்டு இடங்களில் உள்ளது. முதலாவது, ட்ரோன் விதிகளின்படி மாநில அரசோ காவல்துறையோ ஒரு பகுதியைக் குறுகிய காலத்துக்குத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். அறிவிப்பவர் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். தலைவர்களின் வருகையின்போது செய்தித்தாள்களில் காணப்படும் "ட்ரோன் பறக்கத் தடை" என்னும் அறிவிப்பு பெரும்பாலும் இத்தகையது. இரண்டாவது, பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவு. இது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவுக்கு இணையானது. இதன் கீழ் மாவட்ட ஆட்சியரும், கோட்ட நடுவர் என்ற முறையில் இலுப்பூரில் அலுவலகம் கொண்டுள்ள வருவாய்க் கோட்டாட்சியரும் தடையாணை பிறப்பிக்கலாம். அவ்வாணை இரண்டு மாதங்களுக்கு மேல் நீடிக்காது. குளியலறை, படுக்கையறை போன்ற தனியிடங்களில் இருக்கும் பெண்களை ட்ரோனால் படம்பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி குற்றம். அதற்குக் காவல் நிலையத்திலேயே புகார் அளிக்கலாம்.

பேரூராட்சிக்கு எஞ்சுவது நில உரிமை மட்டுமே. தன் பூங்காவிலோ பேருந்து நிலையத்திலோ நின்று ட்ரோனை ஏற்ற வேண்டாம் என அது கூறலாம். மதிலுக்கு வெளியே இருந்து ஏற்றப்பட்ட ட்ரோன் பூங்காவுக்கு மேலே பறப்பதை அதனால் தடுக்க முடியாது.

உள்ளாட்சியே பறக்கவிடும்போது

உள்ளாட்சிகள் ட்ரோனின் பயனாளர்களாகவும் மாறியுள்ளன. 2020இல் கொரோனாப் பரவலின்போது சென்னையில் கிருமிநாசினி தெளிக்கவும், 2021இல் நீர்வழிகளில் கொசுப்புழு மருந்து தெளிக்கவும் ட்ரோன்கள் பயன்பட்டன. 2025 பிப்ரவரியில் நடுவண் அரசு 152 நகர்ப்புற உள்ளாட்சிகளில் வான்வழி நில அளவைத் திட்டத்தைத் தொடங்கியது. கோயம்புத்தூர் மாநகராட்சியில் சொத்துவரிக் கணக்கீட்டுக்காக நடைபெற்ற ட்ரோன் அளவீடு 2024இல் எதிர்ப்பைச் சந்தித்தது. மாடியில் போடப்பட்ட தகரக் கூரை மேலிருந்து பார்க்கும்போது கட்டடம் போலவே தெரியக்கூடும் என்பது இவ்வகை அளவீட்டின் அடிப்படைக் குறை. ட்ரோன் விதிகளில் இருந்து விலக்குப் பெற்றவை தரை, கடல், வான் ஆகிய முப்படைகள். உள்ளாட்சிக்கு அத்தகைய விலக்கு இல்லை. அடையாள எண்ணும் சான்றிதழும் அதற்கும் தேவை.

பிற நாடுகளில்

ஐக்கிய இராச்சியத்தில் நிலை பெரிதும் வேறானது. 1991ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வாகன நிறுத்த மீறலைக் குற்றவியலில் இருந்து விலக்கி, உள்ளாட்சி மன்றங்களே தண்டம் விதிக்க வழிசெய்தது. 1994க்குள் இலண்டன் முழுவதும் இம்முறை பரவியது. உபரி வருவாயைச் சட்டம் குறிப்பிடும் போக்குவரத்துத் தொடர்பான செலவுகளுக்கே பயன்படுத்த வேண்டும். பிற செலவுகளுக்குப் பணம் திரட்டும் நோக்கில் நிறுத்தக் கட்டணத்தை உயர்த்தியது செல்லாது என்று 2013இல் இலண்டனின் பார்னெட் மன்றத்துக்கு எதிராக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடமும் தண்டமும் ஒரே கையில் சேர்ந்தால் ஒருங்கிணைப்பு எளிதாகும், ஆனால் வருவாய்க்காகத் தண்டிக்கும் ஆசையும் கூடவே வரும் என்பதற்கு இவ்வழக்கு ஒரு சான்று. ட்ரோனைப் பொறுத்தவரை அங்கும் மன்றங்கள் தம் பூங்காக்களில் ஏற்றுவதையும் இறக்குவதையும் துணைவிதிகளால் தடுக்கலாம். வான்வெளி குடிசார் வான்போக்குவரத்து ஆணையத்துக்கு உரியது.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் நகர மறுசீரமைப்பு ஆணையமும் வாகன நிறுத்தத்தைக் கவனிக்கின்றன. 2017 அக்டோபரில் அங்கு அறிமுகமான செயலி, கிழித்து வைக்கும் காகித வில்லைகளுக்கு மாற்றாக, நின்ற நேரத்துக்கு மட்டும் கட்டணம் கணக்கிடுகிறது. 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோன்களைப் பதிவு செய்வது 2020 பிப்ரவரி முதல் கட்டாயம். இலங்கையில் ட்ரோன் அனுமதி குடிசார் வான்போக்குவரத்து அதிகாரசபையிடம் உள்ளது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளை அடுத்து, அச்சபை நாடு முழுவதும் ட்ரோன் பறப்பை இடைநிறுத்தியது.